வடக்கே செல்லச் செல்லச் சரியும் செயற்கைக்கோள்: ஹாம்பர்க் முதல் நூர்காப் வரை

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் புறப்பட்டு, டென்மார்க்கையும் சுவீடனையும் கடந்து, நார்வேயின் வடகோடியில் கடலுக்குமேல் 307 மீட்டர் உயரத்தில் நிற்கும் நூர்காப் என்னும் பாறைமுனை வரை செல்லும் சாலை ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர் நீளமுடையது. படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை ஆகிய அனைத்தும் அடங்கிய, மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டுவண்டிகள் ஒவ்வொரு கோடையிலும் இச்சாலையில் வடக்கு நோக்கிச் செல்கின்றன. அவற்றுள் பலவற்றின் கூரையில், வண்டி ஓடும்போது மடிந்து கிடந்து, நின்றதும் எழுந்து தெற்கு நோக்கும் டிஷ் ஆன்டெனா ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். 1952ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி இன்றும் இரவு எட்டு மணிக்கு ஒளிபரப்பாகும் ‘டாகெஸ்ஷௌ’ செய்தியறிக்கையையும், 1970 முதல் ஞாயிற்றுக்கிழமை இரவுகளை ஆண்டுவரும் ‘டாட்டோர்ட்’ துப்பறியும் தொடரையும் ஊரிலிருப்பதைப் போலவே அயல்நாட்டிலும் பார்க்கவேண்டும் என்னும் ஜெர்மானியப் பயணிகளின் விருப்பமே அந்த ஆன்டெனாவைச் சுமக்க வைக்கிறது. லக்சம்பர்க் நாட்டின் எஸ்.இ.எஸ். நிறுவனம் 1988 டிசம்பரில் ஏவிய முதல் அஸ்ட்ரா செயற்கைக்கோளும் அதன்பின் வந்தவையும் கிழக்குத் தீர்க்கரேகை 19.2 பாகையில் நிறுத்தப்பட்டு, ஜெர்மன் பொதுத்துறை ஒளிபரப்புகளைக் கட்டணமும் பூட்டும் இன்றி வழங்கிவருவதால், இப்பயணிகளைப் பொறுத்தவரை வானம் முழுவதிலும் பொருட்படுத்தத்தக்க புள்ளி அது ஒன்றே.

அப்புள்ளி அசையாதிருப்பதற்கான காரணம் எளியது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு கோள், புவி தன்னைத்தானே சுற்ற எடுத்துக்கொள்ளும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிப்பதால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். இத்தகைய கோள்களைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் 1945இல் விரிவாக எழுதினார். கோள் நிலைத்து நிற்பினும் வண்டி நிற்பதில்லை என்பதுதான் இங்குக் கவனிக்க வேண்டியது. அடிவானத்திலிருந்து கோள் எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்பதைக் குறிக்கும் ஏற்றக்கோணம், பார்ப்பவரின் அட்சரேகை கூடக்கூடக் குறைகிறது. மியூனிக்கில் 34 பாகையாக இருக்கும் இக்கோணம் ஹாம்பர்க்கில் 28ஆகவும், ஓஸ்லோவில் ஏறத்தாழ 22ஆகவும், டிரோன்ஹெய்மில் 18ஆகவும், ஆர்க்டிக் வட்டத்தைச் சாலை கடக்கும் சால்ட்ஃபியெல் மேட்டுநிலத்தில் 15ஆகவும், டிரோம்சோவில் 12ஆகவும், நூர்காப்பில் வெறும் 10ஆகவும் சரிந்துவிடுகிறது. சென்னையின் மொட்டைமாடிகளில், கிழக்கே 93.5 பாகையிலுள்ள ஜிசாட்-15 கோளை நோக்கி வைக்கப்படும் டிஷ்களுக்கு இதே கோணம் 68 பாகை என்பதை ஒப்பிட்டால், வடக்கே கோள் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பது தமிழ் வாசகருக்கு எளிதில் விளங்கும்.

திரையில் ‘சிக்னல் இல்லை’ என்ற சொற்கள் தோன்றியவுடன் கூரைமேல் ஏறுவது பெரும்பாலோரின் வழக்கம். ஆனால் அச்சொற்கள் ஹாம்பர்க்கில் ஒரு காரணத்தையும், நார்வேயின் ஒரு ஃபியோர்டுக் கரையில் இன்னொன்றையும், ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் முற்றிலும் வேறொன்றையும் சுட்டுகின்றன. கருவிகளின் கையேடுகள் எல்லா ஊர்களுக்கும் ஒரே சோதனை வரிசையைத் தருவது அச்சிடுவோருக்கு வசதியாக இருக்கலாமே தவிர, வண்டியில் செல்வோருக்கு உதவுவதில்லை. எதை முதலில் ஐயுறுவது என்பதை வண்டி நிற்கும் அட்சரேகைதான் முடிவுசெய்ய வேண்டும்.

புறப்படும் ஊரில் ஐயம் முதலில் விழவேண்டியது கேபிளின்மீதும் அதன் முனைகளின்மீதும் ஆகும். ஹாம்பர்க்கில் கோள் போதிய உயரத்தில் உள்ளது, அலையும் வலுவாக விழுகிறது. ஆகவே அங்கே படம் வராவிட்டால் குற்றம் பெரும்பாலும் வண்டியினுடையதே. டிஷ்ஷின் முன்னே ஒரு கரத்தின் நுனியில் அமர்ந்திருக்கும் எல்.என்.பி. என்னும் சிறு கருவி, 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் வந்துசேரும் மிக மெல்லிய அலைகளைப் பெருக்கி, கேபிளில் மிகுந்த இழப்பின்றிச் செல்லத்தக்க 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வெண்களாக மாற்றி, கீழேயுள்ள செட்-டாப் பாக்ஸுக்கு அனுப்புகிறது. அலையை இறக்கும் அதே கேபிள்தான் மின்சாரத்தை மேலே ஏற்றுகிறது என்பதில் பழுதறியும் கலையின் பாதி அடங்கியிருக்கிறது. அலை செங்குத்தாக அதிர்கிறதா கிடையாக அதிர்கிறதா என்பதை முனைவாக்கம் என்பர். பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. செங்குத்து அலைகளையும், 18 வோல்ட் அனுப்பினால் கிடை அலைகளையும் எடுக்கிறது. 11.7 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட உயர்பட்டைக்கு மாற, அதே கம்பியில் 22 கிலோஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்றும் சேர்த்து அனுப்பப்படுகிறது.

இதை அறிந்தவருக்குத் திரையே பல செய்திகளைச் சொல்லிவிடும். முதன்மையான ஜெர்மன் பொதுத்துறை அலைவரிசைகள் தாழ்பட்டையில் கிடை முனைவாக்கத்தில், அதாவது 18 வோல்ட் தேவைப்படும் பகுதியில் வருகின்றன. எனவே வேறு சில அலைவரிசைகள் தெரிந்து இவை மட்டும் தெரியாதபோது டிஷ்ஷின் திசையைக் குறை சொல்வதில் பொருளில்லை. துருவேறிய இணைப்பின் வழியே மேலேறும்போது 18 வோல்ட் தேய்ந்து, எல்.என்.பி. அதை 13 என்று எடுத்துக்கொள்வதே வழக்கமான காரணம். மாறாக, தாழ்பட்டை முழுவதும் தெரிந்து உயர்பட்டை மட்டும் மறைந்தால் 22 கிலோஹெர்ட்ஸ் அதிர்வு போய்ச் சேரவில்லை என்று கொள்ளலாம். குறுக்குச்சுற்று என்ற எச்சரிக்கை தோன்றினால், கேபிளின் முனையில் திருகப்படும் எஃப் கனெக்டருக்குள் வெளிவலையின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், அல்லது கூரைத் துளையின் வழியே புகுந்த நீர் கேபிளின் உள்ளே ஊறியிருக்கலாம். எழுந்தும் மடிந்தும் பழகும் ஆன்டெனாவில் கேபிள் வளையும் மூட்டுத்தான் முதலில் முறியும் இடம். வெளியுறை முழுமையாக இருக்க, உள்ளே கம்பி அறுந்திருப்பதுண்டு. மல்டிமீட்டரால் எல்.என்.பி.யின் முனையிலேயே மின்னழுத்தத்தை அளப்பதும், நல்ல கேபிள் ஒன்றை எல்.என்.பி.யிலிருந்து சன்னல் வழியே நேராக பாக்ஸுக்குக் கொண்டுவந்து சோதிப்பதும் இந்த ஐயங்களைக் கால் மணி நேரத்தில் தீர்த்துவிடும். இந்தச் சோதனையைப் புறப்படுமுன் செய்துவிடும் பயணி, மேலே வடக்கில் தன் கருவியின்மீது நம்பிக்கை வைக்க முடியும். அந்நம்பிக்கையின் மதிப்பு அங்கு சென்ற பிறகே தெரியவரும்.

டிஷ்ஷைக் கையால் திருப்புவோருக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. நிலநடுக்கோட்டின் மேல் கோள்கள் நெருங்கி நிற்கின்றன: 13 பாகையில் ஹாட்பேர்ட், 19.2இல் அஸ்ட்ரா, 23.5இலும் 28.2இலும் வேறு அஸ்ட்ராக்கள். அறுபத்தைந்து சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் மூன்று பாகைக்கும் குறைவானது. நடுவிலிருந்து ஒன்றரைப் பாகை விலகினாலே வாங்கும் ஆற்றல் பாதிக்கும் கீழே போய்விடும். மலிவான சிக்னல் காட்டிகள் எந்தக் கோளைக் கண்டாலும் ஒரே ஒலியை எழுப்புவதால், ஹாட்பேர்டின் வலுவான அலையில் முள் உச்சிக்குப் போக, திரையோ வெறுமையாகவே இருக்கும். வலிமை நிறைந்தும் தரம் சுழியாகவும் காட்டும் திரை, வேறு கோளைப் பிடித்திருப்பதற்கான அடையாளம். தானியங்கி ஆன்டெனாக்கள் கோள் அனுப்பும் தரவுகளைப் படித்தே தம் இலக்கை உறுதிசெய்கின்றன. ஆனால் ஒளிபரப்பாளர் ஓர் அலைத்தடத்தை மூடிவிட்டால், அதையே அடையாளமாக நினைவில் வைத்துள்ள பழைய கருவி முடிவின்றித் தேடிக்கொண்டிருக்கும். ஜெர்மன் பொதுத்துறை ஒளிபரப்பாளரான ஏ.ஆர்.டி. 2025 ஜனவரியில் தன் பழைய தரத்திலான செயற்கைக்கோள் ஒளிபரப்பை நிறுத்தியதுபோன்ற மாற்றங்களுக்குப் பின், மென்பொருளைப் புதுப்பிக்காமல் கருவியைக் கழற்றிப் பார்ப்பது வீண்வேலை.

டென்மார்க்கின் சமவெளியில் ஆன்டெனாவுக்குப் பெரிய இடர் ஏதுமில்லை. கடற்காற்று மட்டும் அங்கே கணக்கில் கொள்ளத்தக்கது. கோபன்ஹேகனையும் மால்மோவையும் இணைத்து 2000இல் திறக்கப்பட்ட எரெசுண்ட் பாலத்தின்மீது, உயரமான வண்டிகள் காற்றில் தள்ளாடுவதுண்டு. எஞ்சின் சாவியைத் திருப்பியவுடன் ஒரு கம்பியின் வழியே வரும் மின்குறிப்பைக் கொண்டு ஆன்டெனா தானே மடிந்துகொள்ளுமாறு அமைக்கப்பட்டிருக்கும். அக்கம்பி துண்டிக்கப்பட்டாலோ, வண்டியின் வீட்டுப் பகுதிக்கான 12 வோல்ட் பேட்டரி இரவெல்லாம் உழைத்துச் சோர்ந்திருந்தாலோ டிஷ் பாதி எழுந்த நிலையிலேயே நின்றுவிடும். ஓய்வில் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும் பழைய பேட்டரி, மோட்டார் இழுக்கத் தொடங்கியதும் சரிந்து, கட்டுப்பாட்டுக் கருவியை அணைத்து மறுபடி எழுப்பிவிடும். இதை மோட்டார் பழுது என்று கருதிச் செலவழித்தவர்கள் பலர். ஆகவே மின்னழுத்தத்தை ஆன்டெனா அசையும்போதே அளக்க வேண்டும்.

சுவீடனின் டிரெல்லபோரியில் தொடங்கி நார்வேயின் கிர்கெனெஸில் முடியும் ஈ6 நெடுஞ்சாலைக்குள் நுழைந்தபின், ஐயத்தின் இலக்கு கருவியிலிருந்து நிலத்துக்கு மாறுகிறது. பத்து மீட்டர் உயர மரம் மியூனிக்கில் பதினைந்து மீட்டர் தொலைவுக்குள் நின்றால் மட்டுமே கோளை மறைக்கும். டிரோன்ஹெய்மில் முப்பது மீட்டர் தள்ளி நின்றாலும் மறைக்கும். நூர்காப்பின் கோணத்தில் ஐம்பத்தாறு மீட்டர் தொலைவில் நின்றாலும் மறைக்கும். இருபது மீட்டருக்குமேல் வளரும் ஸ்புரூஸ் ஊசியிலை மரங்களின் நடுவே அமைந்த சுவீடனின் முகாம்களில், நிழலுக்காக ஒதுங்கும் வண்டி தொலைக்காட்சியை இழப்பதில் வியப்பில்லை. மழையில் நனைந்த இலைகள் காய்ந்த இலைகளைவிட மிகுதியாக அலையை உறிஞ்சுவதால், பகலில் வந்த படம் மாலை மழைக்குப்பின் சதுரம் சதுரமாகச் சிதறுவதும் உண்டு. இரண்டு வண்டி நீளம் முன்னோ பின்னோ நகர்த்திப் பார்ப்பதே இங்கு முதல் சோதனை. கருவிப்பெட்டியைத் திறப்பது இரண்டாவது.

கோள் இருக்கும் கிடைத்திசையை வடக்கிலிருந்து வலமாக அளக்கும் திசைக்கோணம், ஹாம்பர்க்கில் ஏறத்தாழ 169 பாகை, அதாவது நேர்தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே. சாலை வடக்கோடு கிழக்கையும் நோக்கிச் செல்வதால், கோளின் தீர்க்கரேகையிலேயே அமைந்துள்ள டிரோம்சோவில் அது நேர்தெற்காகிறது. நூர்காப்பில் 187 பாகையாகி மேற்கே சாய்கிறது. காந்த ஊசியை நம்பி டிஷ்ஷைத் திருப்புவோர் இங்குத் தவறுவர். வண்டியின் இரும்பு ஊசியை இழுப்பதோடு, காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையிலான வேறுபாடு நார்வேயின் வடகிழக்கில் பத்துப் பாகைக்கும் மேலாகிவிடுகிறது. சூரியனே இதைவிட நல்ல வழிகாட்டி. அது நேர்தெற்கில் நிற்கும் உண்மை நண்பகல், கோடைக்காலக் கடிகாரத்தின்படி ஹாம்பர்க்கில் ஏறத்தாழ ஒன்றேகாலுக்குச் சற்றுப் பிந்தியும், நூர்காப்பில் பன்னிரண்டேகாலை ஒட்டியும் நிகழ்கிறது. அவ்வேளையில் ஒரு கம்பத்தின் நிழலைக் குறித்துக்கொண்டால் தெற்கு கையில் கிடைத்துவிடும்.

ஓஸ்லோவைத் தாண்டியபின் காணும் காட்சி ஒன்று அனுபவமுள்ள பயணிகளையும் ஏமாற்றும். வண்டிகளிலும் வீடுகளிலும் காணப்படும் டிஷ் பெரும்பாலும் ஒரு முழுப் பரவளையக் கிண்ணம் அன்று. பெரிய பரவளையம் ஒன்றின் ஓரத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. எல்.என்.பி. அலையின் வழியை மறைக்காமல் கீழே ஒதுங்கி நிற்பதற்காகவே இவ்வாறு வெட்டப்படுகிறது. இதன் விளைவாக டிஷ்ஷின் முகம் காட்டும் திசையும் அது உண்மையில் நோக்கும் திசையும் இருபது முதல் இருபத்தைந்து பாகை வரை வேறுபடுகின்றன. செங்குத்தாக நிற்கும் டிஷ் உண்மையில் வானத்தை அவ்வளவு பாகை மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஓஸ்லோ அருகே டிஷ் ஏறக்குறையச் செங்குத்தாகவும், அதற்கு வடக்கே முகம் கவிழ்ந்து தரையைப் பார்ப்பதுபோலவும் நிற்பது இதனால்தான். நூர்காப்பில் அது பத்துப் பாகைக்கும் மேலாக முன்சாய்ந்திருக்கும். ‘தாங்கி தளர்ந்துவிட்டது’ என்று எண்ணி அதைக் கையால் பின்னுக்குத் தள்ளிப் பற்சக்கரத்தை உடைப்பதுதான், இப்பாதையில் பழுதுபார்த்தல் என்ற பெயரில் உண்டாக்கப்படும் மிகப் பெரிய பழுதாகும்.

மேற்குக் கரையின் ஃபியோர்டுகள், அதாவது பனியாறுகள் குடைந்து கடல் புகுந்த ஆழமான பள்ளத்தாக்குகள், தனிக் கணக்கைக் கேட்கின்றன. 2005இல் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட கெய்ராங்கர் ஃபியோர்டில் கோள் 19 பாகை உயரத்தில் உள்ளது; ஆயிரம் மீட்டர் உயர்ந்த மலை ஒன்று தெற்கே மூன்று கிலோமீட்டருக்குள் நின்றாலே அது மறைந்துவிடும். கிணற்றின் அடியில் நிற்பவருக்கு உச்சிவானம் மட்டும் தெரிவதுபோல, நீர்க்கரையில் நிற்கும் வண்டிக்குத் தெற்கு வானத்தின் தாழ்ந்த பகுதி இல்லாமலே போகிறது. ஃபியோர்டு எத்திசையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தே மாலைச் செய்தி அமைகிறது: வடக்கு தெற்காக ஓடும் பள்ளத்தாக்கில் படம் வரலாம், கிழக்கு மேற்காக ஓடுவதில் தென்கரை முழுவதும் இருண்டுவிடும், வடகரையில் சில இடங்களில் பிழைக்கும். நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு முகாமைத் தேர்வுசெய்வது இங்கே எந்த மல்டிமீட்டரையும்விடப் பயன் தருவது. அழகான இடத்துக்கும் அலை கிடைக்கும் இடத்துக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களின் மீது இரக்கம் கொள்வது கடினம். கெய்ராங்கரில் நின்றுகொண்டு துப்பறியும் தொடரைத் தேடுவோரை மலைகள் தடுப்பது நியாயம்தான் என்று கூடச் சொல்லலாம்.

ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் மரங்கள் குட்டையாகி, மேட்டுநிலங்களில் மறைந்தும்விடுகின்றன. அடிவானம் திறந்து கிடக்கிறது. எனினும் படம் வருவதில்லை. இங்கே மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. தெற்கு, நடு ஐரோப்பாவை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட சில தானியங்கி ஆன்டெனாக்களின் மோட்டார், இவ்வளவு தாழ்ந்த கோணத்துக்கு இறங்கவே முடியாதபடி அமைந்திருக்கிறது. கருவி தன் எல்லையில் தட்டி நிற்பதைத் தேடல் தோல்வி என்று திரை அறிவிக்கிறது. இரண்டாவதாக, கோள் தன் ஆற்றலை எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரப்புவதில்லை. அலை வலுவாக விழும் நிலப்பரப்பு நடு ஐரோப்பாவைச் சுற்றி அமைந்திருக்க, ஓரங்களில் அது மெலிகிறது. ஜெர்மனியில் அறுபது சென்டிமீட்டர் டிஷ் போதுமென்றால், வடநார்வேயில் ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட விட்டம் தேவைப்படும். அதை வண்டிக் கூரையில் சுமப்போர் அரியர். மூன்றாவதாக, தாழ்ந்த கோணத்தில் வரும் அலை வளிமண்டலத்தைச் சாய்வாகக் கடப்பதால், மியூனிக்கைவிட மூன்று மடங்குக்கும் மிகுதியான காற்றுவெளியையும் மேகத்தையும் துளைக்க வேண்டியிருக்கிறது. வெப்பமான தரை உமிழும் இரைச்சலும் டிஷ்ஷுக்குள் புகுகிறது. இவற்றோடு வண்டியின் சொந்தக் கூரையும் பகையாகிவிடுகிறது: பத்துப் பாகைக் கோணத்தில், இருபத்தைந்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஏ.சி. பெட்டி, தெற்குப் பக்கமாக ஒன்றரை மீட்டருக்குள் இருந்தால் டிஷ்ஷின் அடிப்பகுதியை மறைக்கத் தொடங்கும். ஆன்டெனா பொருத்திய முனை தெற்கு நோக்குமாறு வண்டியைத் திருப்பி நிறுத்துவது, வடக்கே உள்ள முகாம்களில் அறிந்தவர்கள் சொல்லாமல் செய்யும் சிறு சடங்கு.

இதே வண்டி வடக்கே செல்லாமல் தென்மேற்கே ஸ்பெயினின் மாலகாவுக்குச் சென்றிருந்தால் இக்கவலைகள் எதுவும் எழுந்திரா. கோள் அங்கே 40 பாகைக்கு மேல் நிற்கிறது. ஆனால் அங்கே முனைவாக்கச் சாய்வு என்னும் வேறொரு சிக்கல் தலைதூக்குகிறது. கோளின் தீர்க்கரேகையிலிருந்து பக்கவாட்டில் விலகி நிற்பவருக்கு, செங்குத்து அலையே சாய்ந்து வந்துசேர்வதால், எல்.என்.பி.யை அதன் பிடியில் அதே அளவு சுழற்ற வேண்டியிருக்கும். வெறும் வடிவியல் கணக்குப்படி இது ஹாம்பர்க்கில் ஏழு பாகைக்கும் குறைவு, நூர்காப்பில் இரண்டு, மாலகாவிலோ ஏறத்தாழ 28. பிரிட்டன் பயணிகளின் துயரம் இன்னும் கூர்மையானது. 2014 பிப்ரவரியில் பிபிசி தன் ஒளிபரப்பை, 28.2 பாகையில் உள்ள அஸ்ட்ரா 2இ கோளின் பிரிட்டனை நோக்கிக் குறுக்கப்பட்ட கற்றைக்கு மாற்றியபின், ஸ்பெயினின் தென்கரையில் குளிர்காலம் கழித்துவந்தவர்களின் சிறு டிஷ்கள் ஊமையாயின. அங்கே பழுதானது எதுவுமில்லை. ஒளிபரப்பு உரிமைகளின் எல்லைக்கோடு இடம்பெயர்ந்தது, அவ்வளவே.

ஓல்டர்ஃபியோர்டில் ஈ6 சாலையை விட்டு ஈ69இல் திரும்பும் வண்டி, கடல்மட்டத்துக்கு 212 மீட்டர் கீழே இறங்கும், 1999இல் திறக்கப்பட்ட சுரங்கப்பாதையைக் கடந்து மாகெரோயா தீவில் ஏறுகிறது. 71 பாகை 10 நிமிட அட்சரேகையில் உள்ள நூர்காப் மேட்டில், மே நடுப்பகுதி முதல் ஜூலை இறுதிவரை சூரியன் மறைவதில்லை. வடவானில் நள்ளிரவுச் சூரியனைக் காண அனைவரும் கடலை நோக்கி நிற்க, ஆன்டெனா எழுப்பிய வண்டிகள் மட்டும் தெற்கே பார்க்கின்றன. பெரும்பாலான மாலைகளில் அந்த ஆன்டெனாக்களையும் காற்று மடிக்கச் செய்துவிடுகிறது. எழுந்த டிஷ்ஷைப் பாய்மரமாக்கும் அக்காற்றுக்கு எதிரே எந்தத் தாங்கியும் நெடுநேரம் நில்லாது. நார்வே மக்களின் வீடுகளிலுள்ள டிஷ்கள், வடநாடுகளை நோக்கிக் கற்றையைக் குவிக்கும் தோர் கோள்களை மேற்கே 0.8 பாகையில் தேடுகின்றன; அது அஸ்ட்ராவைவிடத் தாழ்வாகத் தெரிந்தாலும் வலுவான அலையைத் தருகிறது, ஆனால் ஜெர்மானியப் பயணிக்கு அதில் பெரும் பயனில்லை. 2019 முதல் பெருந்தொகையாக ஏவப்பட்டுவரும், இணையச் சேவை தரும் ஸ்டார்லிங்க் கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் நகர்ந்துகொண்டே இருப்பவை. அவற்றை நாடும் தட்டையான ஆன்டெனாவுக்கு, தெற்கு வானின் ஒரே தாழ்ந்த புள்ளி என்னும் சிறை இல்லை. புதிய வண்டிகளில் அத்தகைய தட்டுகள் டிஷ்ஷின் இடத்தைப் பிடித்துவருவது ஆர்க்டிக்கின் சாலைகளில் கண்கூடு.

திரும்பும் வழியில்தான் வடக்கில் செய்யப்பட்ட ‘பழுதுநீக்கங்களின்’ விளைவு வெளிப்படுகிறது. எதையும் தொடாமல் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சென்றவர்களின் வண்டிகளில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் டிரோன்ஹெய்முக்கும் இடையில் ஏதோ ஒரு முகாமில் படம் தானாகவே மீண்டு, ஓஸ்லோவில் உறுதிப்படுகிறது. பொறுமையிழந்து எல்.என்.பி.யின் பிடியைத் தளர்த்திச் சுழற்றியவர்கள், கருவியின் பட்டியலில் கோளின் பெயரை மாற்றிவைத்தவர்கள், கனெக்டரை அறுத்துப் புதிதாகத் திருகியவர்கள் ஆகியோரின் வண்டிகளோ, கோள் 28 பாகைக்கு உயர்ந்துவிட்ட ஹாம்பர்க்கிலும் வெறுந்திரையோடு நிற்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கும் பழுதுபார்ப்பவர், எல்.என்.பி.யின் கழுத்தில் பொறிக்கப்பட்ட பாகைக் கோடுகளில் பழைய இடம் எது என்று அழுக்குப் படிந்த தடத்தைக்கொண்டே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.